கிளாஸ்கோ சப்வேயை 32 பாரில் ஆடுவது எப்படி: ஒரு ஸ்காட்டிஷ் கன்ட்ரி நடனத்துக்கான முழு வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரச் சுரங்க ரயிலில், செஸ்நாக் நிலையத்தின் நடைமேடை ஒரு குறுகலான தீவு. இரண்டு பக்கமும் தண்டவாளம், நடுவில் நாம். ரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சுரங்கத்திலிருந்து காற்று வந்து சட்டையைத் தள்ளும். அப்புறம் ஒரு பக்கம் ஒரு ரயில் வந்து நின்று கிளம்பும். சற்று நேரத்தில் முதுகுப்பக்கம் இன்னொன்று வந்து எதிர்த்திசையில் போகும். இரண்டும் ஒரே ஊரைத்தான் சுற்றுகின்றன. ஆனால் ஒன்று போன பாதையில் மற்றது வருவதே இல்லை. அங்கே நின்றபோதுதான் இது நடனமாகவே இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. அன்று கைப்பையில் இருந்த காகிதத்தில் கிறுக்கியதைப் பல மாதம் ஆடித் திருத்தி 'இரண்டு வட்டங்கள்' என்று பெயர் வைத்தேன். அதை உங்கள் குழுவில் நீங்களே சொல்லிக்கொடுத்து ஆடும் அளவுக்கு இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ரயிலைப் பற்றி

கிளாஸ்கோ சப்வே 1896 டிசம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. லண்டனுக்கும் புடாபெஸ்டுக்கும் அடுத்து உலகின் மூன்றாவது பழைய சுரங்க ரயில் இதுதான். கிளை எதுவும் இல்லை. 15 நிலையங்கள், சுமார் 10.5 கிலோமீட்டரில் ஒரே ஒரு வளையம். ஒரு முழுச் சுற்றுக்கு 24 நிமிடம். தண்டவாள அகலம் வெறும் நான்கு அடி, சுரங்கத்தின் விட்டம் 11 அடி. அதனால் பெட்டிகளும் சின்னவை. உயரமானவர்கள் உள்ளே குனிந்துதான் நிற்பார்கள். 1936இல் அதிகாரப்பூர்வமாக 'அண்டர்கிரவுண்ட்' என்று பெயர் மாற்றினார்கள். ஊர்க்காரர்கள் 'சப்வே' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2003இல் அந்தப் பெயரே திரும்பி வந்தது.

நடனத்துக்கு வேண்டிய விஷயங்கள் நான்கு. ஒன்று, பாதைகள் இரண்டு. வெளிவட்டம் கடிகாரச் சுற்றிலும் உள்வட்டம் அதற்கு எதிராகவும் ஓடும். பிரிட்டனில் ரயில்களும் இடப்பக்கம்தான் போகும். கடிகாரச் சுற்றில் போகிறவருக்கு ஊரின் நடுப்புள்ளி வலப்பக்கம் இருக்கும், அப்போது இடப்பக்கம் என்பது வெளிப்பக்கம். அதனால்தான் கடிகாரச் சுற்று வெளிவட்டமானது. இரண்டு, வண்டி ஒரு சுற்றில் கிளைட் ஆற்றின் அடியில் இரண்டு தடவை போகிறது. கிழக்கே செயின்ட் ஈனோக்குக்கும் பிரிட்ஜ் ஸ்ட்ரீட்டுக்கும் இடையில், மேற்கே கோவனுக்கும் பார்ட்டிக்குக்கும் இடையில். மூன்று, ஆற்றுக்கு வடக்கே எட்டு நிலையங்கள், தெற்கே ஏழு. இந்த எட்டு நம் இசையோடு பொருந்திப்போகும் அழகைப் பின்னால் சொல்கிறேன். நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது: 1970களின் பிற்பகுதியில் புதுப்பிக்கும்வரை இரண்டு பாதைகளுக்கும் நடுவே இணைப்புத் தண்டவாளமே கிடையாது. பழுதான பெட்டியைக் கோவன் பணிமனையில் கிரேன் வைத்துத்தான் மேலே தூக்கினார்கள். தன் பாதையை விட்டு விலகவே முடியாத வண்டி அது.

நடனத்தைப் பற்றி அவசியமானது

ஸ்காட்டிஷ் கன்ட்ரி நடனத்தை இன்று உலகம் முழுக்கப் பரப்பியிருக்கும் ராயல் ஸ்காட்டிஷ் கன்ட்ரி டான்ஸ் சொசைட்டி 1923இல் இதே கிளாஸ்கோவில்தான் தொடங்கியது. ஜீன் மில்லிகனும் இசபெல் ஸ்டூவர்ட்டும் சேர்ந்து தொடங்கினார்கள். 'ராயல்' பட்டம் 1951இல் வந்தது. இந்த நடனம் பழைய நடனங்களைப் பாதுகாப்பதோடு நின்றுவிடுவதில்லை. புதிது கட்டுவதும் அதன் மரபுதான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் சிறைமுகாமில் அடைபட்ட ஹைலேண்ட் படைப்பிரிவினர் கட்டியது 'ரீல் ஆஃப் த 51ஸ்ட் டிவிஷன்'. ஆடுபவர்கள் கைகோத்துக் குறுக்கும் மறுக்குமாக நிற்கும்போது ஸ்காட்லாந்துக் கொடியில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூவின் X வடிவச் சிலுவை தரையில் விழும். சிலுவையை யாரும் நடித்துக் காட்டுவதில்லை, நிற்கும் இடங்களே அதை வரைந்துவிடுகின்றன. நானும் அந்த வழியில்தான் போனேன். கையைச் சக்கரம்போல் சுழற்றுவது, 'கூ' என்று ஊதுவது எதுவும் இதில் இல்லை.

எட்டு பேர், நான்கு ஜோடி. இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்க வேண்டும். இந்த அமைப்புக்குச் செட் என்று பெயர். இசைக்குழு இருக்கும் பக்கம் மேல்தலை. ஆண் வரிசைக்கு இடத்தோள் இசைப்பக்கம், பெண் வரிசைக்கு வலத்தோள். ஆண், பெண் என்பது இங்கே இடத்தின் பெயர் மட்டும்தான். இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ ஜோடியாக ஆடுவது எந்த அரங்கிலும் சாதாரணம். மேலிருந்து முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் ஜோடி.

இசை ஜிக். ஆறு எண்ணிக்கை கொண்ட துள்ளல் நடை. நம் காதுக்கு 'தகிட தகிட' என்றால் ஒரு பார், அதாவது இசையின் ஓர் அளவு. எட்டு பார் சேர்ந்தால் ஒரு வாக்கியம், நான்கு வாக்கியம் சேர்ந்தால் 32 பார், அதுவே ஒரு சுற்று. முழு நடனத்துக்கு எட்டுச் சுற்று. ஒலிப்பதிவு வாங்கும்போது '8 × 32 ஜிக்' என்று தேடினால் போதும். வழக்கமான வேகத்தில் நாலரை நிமிடம் அளவில் முடியும்.

அடவுகள் மூன்று. இடம் நகர ஸ்கிப் சேஞ்ச்: ஒரு சின்னத் துள்ளல், ஒரு காலை முன்னே வை, மறுகாலைச் சேர், மீண்டும் முன்னே வை. நின்ற இடத்தில் ஆட பா டி பாஸ்க்: பக்கவாட்டில் மென்மையாக இறங்கி, மறுகாலை முன்னால் தட்டி, பின்காலைத் தட்டு. கைகோத்து வட்டமாகப் போக ஸ்லிப் ஸ்டெப்: பக்கவாட்டில் வைத்துச் சேர், ஒரு பாருக்கு இரண்டு. மூன்றிலும் குதிகால் தரையைத் தொடாது. கில்லி எனப்படும் மெல்லிய தோல் காலணி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வழுக்காத மெல்லிய அடிப்பாகம் கொண்ட எதுவும் போதும். கெண்டைக்கால் தசையைச் சூடாக்காமல் ஆட ஆரம்பிக்காதீர்கள். மறுநாள் படி இறங்கும்போது தெரியும்.

நடனம், சுருக்கமாக

குழுவில் அட்டையில் எழுதி ஒட்டிவைப்பது இதைத்தான்.

1–8: முதல் ஜோடி செட்டிங் (நின்ற இடத்தில் அடவு), காஸ்ட் ஆஃப் (வரிசைக்கு வெளியே ஓர் இடம் இறங்குவது; இரண்டாம் ஜோடி மேலே ஏறும்), வலக்கை பிடித்து ஒரு சுற்று.
9–16: இரண்டாம், மூன்றாம் ஜோடிகள் கடிகாரச் சுற்றில் ஒருவர் பின் ஒருவராக முழு வட்டம், நடுவில் முதல் ஜோடி இடக்கை பிடித்து இரண்டு சுற்று.
17–24: முதல் ஜோடி இரண்டாம் ஜோடியைச் சுற்றி அரை எட்டு ('8' என்ற எண் வடிவத்தில் பாதி), பிறகு மூன்றாம் ஜோடியைச் சுற்றி அரை எட்டு.
25–32: ஆறு பேர் கைகோத்து இடப்பக்கம் வட்டம், திரும்பி வலப்பக்கம்.

பார் 1–8: கீழே இறங்குவது

முதல் ஜோடி வலப்பக்கம் ஒரு பா டி பாஸ்க், இடப்பக்கம் ஒன்று. இதுதான் செட்டிங், இரண்டு பார். சப்வே பெட்டியின் குலுக்கலுக்குக் கிளாஸ்கோக்காரர்கள் 'ஷூகிள்' என்பார்கள். அதற்கு இந்த நடனத்தில் நான் கொடுத்த இடம் இந்த இரண்டு பார் மட்டுமே.

3–4இல் முதல் ஜோடி வெளிப்பக்கமாகத் திரும்பி, வரிசையின் முதுகுப்புறமாக ஓர் இடம் கீழே இறங்கும். அதே நேரம் இரண்டாம் ஜோடி பக்கவாட்டு அடியில் ஓர் இடம் மேலே ஏறும். நிலையத்துக்குள் படியில் இறங்குவதும், எதிரே வருபவர்கள் ஏறுவதும். இரண்டாம் ஜோடி மூன்றாவது பார் முழுக்கச் சும்மா நின்றுவிட்டு நான்கில் அவசரமாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் முதல் ஜோடிக்கு இறங்க இடம் இருக்காது.

5–8இல் முதல் ஜோடி வலக்கை பிடித்து ஒரு முழுச் சுற்று. கைகுலுக்கும் பிடிதான், முழங்கை இலேசாக மடங்கியிருக்கட்டும். பயணச்சீட்டுக் கதவைத் தாண்டுவது என்று நினைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு நுணுக்கம். எட்டாவது பாரில் பக்கவரிசைக்கு ஒதுங்கிவிடாதீர்கள், நடுவிலேயே இருங்கள். கையை விட்டதும் உடல் தொடர்ந்து வலப்பக்கமாகவே திரும்பித் துணையைப் பார்க்கட்டும், இடக்கை தானாக முன்னே வரும். எதிர்ப்பக்கம் திரும்பினால் ஒரு பார் வீணாகும்.

பார் 9–16: இரண்டு வட்டங்கள்

நடனத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

இப்போது மேலே இரண்டாம் ஜோடி, கீழே மூன்றாம் ஜோடி, நடுவில் முதல் ஜோடி. மூலையில் நிற்கும் நான்கு பேர்தான் வெளிவட்டம். அவர்கள் கடிகாரச் சுற்றில் போக வேண்டும். அதாவது பெண் வரிசை கீழே, ஆண் வரிசை மேலே. இரண்டாம் பெண் தன் வரிசையோடு கீழே இறங்க, இரண்டாம் ஆண் செட்டின் தலையில் குறுக்கே போய் அவள் பின்னால் சேர்வான். மூன்றாம் ஆண் தன் வரிசையோடு மேலே ஏற, மூன்றாம் பெண் அடிப்பக்கம் குறுக்கே வந்து அவன் பின்னால். கை பிடிக்கக் கூடாது. எட்டு பாரில் முழு வட்டம் முடித்து வீடு திரும்ப வேண்டும்.

நடுவில் முதல் ஜோடி இடக்கை பிடித்து இரண்டு சுற்று, சுற்றுக்கு நான்கு பார். இடக்கை என்றால் நடுப்புள்ளி இடப்பக்கம், ஆகவே கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று. அதுதான் உள்வட்டம். வலக்கை கொடுத்துவிட்டால் எல்லோரும் ஒரே பக்கம் சுற்றுவார்கள், ரயில் காணாமல் போய்விடும். மேலே பால்கனியிலிருந்து ஒரு தடவை இதைப் பார்த்தேன். இரண்டு சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று எதிரெதிராகச் சுழல்கின்றன. உள்ளே இருப்பவர் தோளுக்கும் வெளியே போகிறவர் தோளுக்கும் நடுவே ஒரு முழம் கூட இல்லை. ஆனால் உரசவில்லை.

கடினம் என்னவென்றால் வெளியில் ஓடுபவர்களின் வேகம். எல்லோருமே முதல் நான்கு பாரில் அவசரப்பட்டு, கடைசி இரண்டு பாரில் செய்வதற்கு எதுவும் இல்லாமல் நிற்பார்கள். "மெதுவா போங்க" என்று கத்திப் பயனில்லை. எங்கள் குழுவில் வயதான ஒரு பெண்மணிக்குப் பார் எண்ணவே வராது. அவர் கிளாஸ்கோவில் பிறந்தவர். ஒருநாள், "எண்ணாதீங்க, நிலையம் பேரைச் சொல்லிட்டே போங்க" என்றேன். வடகரையின் எட்டு நிலையங்கள், பாருக்கு ஒன்று: பார்ட்டிக், கெல்வின்ஹால், ஹில்ஹெட், கெல்வின்பிரிட்ஜ், செயின்ட் ஜார்ஜஸ் கிராஸ், கௌகேடன்ஸ், புக்கானன் ஸ்ட்ரீட், செயின்ட் ஈனோக். வெளிவட்ட ரயில் போகும் அதே வரிசை. அன்றிலிருந்து அவர் ஒரு தடவைகூட முந்தவில்லை. மற்றவர்களும் அவரோடு சேர்ந்து முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இடக்குறியும் இதிலேயே கிடைக்கும். இரண்டு நிலையத்துக்கு ஒரு மூலை. இரண்டாம் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: கெல்வின்ஹால் சொல்லி முடிக்கும்போது தன் வரிசையின் அடிமூலை, கெல்வின்பிரிட்ஜ் வரும்போது ஆண் வரிசையின் அடி, கௌகேடன்ஸ் வரும்போது அதன் தலை, செயின்ட் ஈனோக்கில் வீடு. நீளவாக்கில் போகும்போது அடி நீளமாகவும், குறுக்கே போகும்போது குறுகலாகவும் இருக்க வேண்டும். எல்லா அடியும் ஒரே அளவாக இருந்தால் மூலையில் வந்து சேர மாட்டீர்கள்.

பார் 17–24: ஆற்றைக் கடப்பது

செயின்ட் ஈனோக் தாண்டினால் கிளைட். நடனத்திலும் அப்படியே. முதல் ஜோடி இரண்டாம் ஜோடியின் நடுவே குறுக்காக மேலே ஏறிப் பக்கம் மாறி, அவர்களை வெளிப்புறமாகச் சுற்றி எதிர்ப்பக்கத்தின் இரண்டாம் இடத்துக்கு இறங்கும். நான்கு பார். முதல் கடப்பு. உடனே மூன்றாம் ஜோடியின் நடுவே குறுக்காகக் கீழே போய், மறுபடி பக்கம் மாறி, அவர்களை வெளிப்புறமாகச் சுற்றித் தன் பக்கத்து இரண்டாம் இடத்துக்கு ஏறும். இன்னொரு நான்கு பார். இரண்டாவது கடப்பு. தென்கரையின் ஏழு நிலையங்களை நான் அப்படியே விட்டுவிட்டேன். அவற்றையும் சேர்க்கப் பார்த்த மாதங்களில் நடனம் மூச்சுத்திணறியது.

குறுக்கே கடக்கும்போது பெண் முதலில், ஆண் அவள் பின்னால். மரபு இது. ஆனால் இந்த இடத்தில் அதற்கு உடலிலேயே காரணமும் இருக்கிறது. இடக்கைச் சுற்று முடியும்போது பெண் ஏற்கெனவே மேல்தலையைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருப்பாள், நேராகத் தொடர்ந்தாலே போதும். ஆண் அப்போது கீழ்நோக்கி இருப்பான், இடப்பக்கமாக இன்னும் அரைச் சுற்று திரும்பித்தான் ஏற வேண்டும். அந்த ஒரு கணத்தாமதத்தில் அவளுக்கு வழி கிடைக்கிறது. ஆண் அவசரப்பட்டால் நேருக்கு நேர் மோதல்தான். எங்கள் முதல் ஒத்திகையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான்தான்.

இரண்டாம், மூன்றாம் ஜோடிகள் இங்கே கரைகள். அசையக் கூடாது, ஆனால் செத்த நிலையிலும் நிற்கக் கூடாது. நடுவே போகிறவரைக் கண்ணால் வரவேற்று, கண்ணால் வழியனுப்புங்கள். கன்ட்ரி நடனத்தில் ஆடாமல் நிற்பவரின் முகமும் நடனத்தின் பகுதி.

பார் 25–32: முழு வளையம்

ஆறு பேரும் கைகோத்து இடப்பக்கம் எட்டு ஸ்லிப் ஸ்டெப், நான்கு பார். இது வெளிவட்டத் திசை. பிறகு வலப்பக்கம் எட்டு, இது உள்வட்டத் திசை. கைகள் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டும். செட் நீளவாக்கில் இருப்பதால் முட்டை வடிவம் வந்துவிடும். மேலும் கீழும் நிற்பவர்கள் உள்ளே ஓர் அடி வந்தால் சரியாகும்.

இங்கே சிரமம் முதல் பெண்ணுக்குத்தான். அரை எட்டு முடித்து அவள் மேல்நோக்கி வருகிறாள், வட்டமோ அவள் பக்கத்தில் கீழ்நோக்கிக் கிளம்புகிறது. 24ஆம் பாரில் கொஞ்சம் முன்னதாகவே உள்ளே வளைந்து, நடுவைப் பார்த்து நின்றுவிட்டால் தப்பிக்கலாம். இரண்டு பக்கமும் நிற்பவர்கள் கையை நீட்டிக் காத்திருக்க வேண்டும். அவள் தேடிப் பிடிக்கும்படி வைக்காதீர்கள். திசை மாறும் இடத்தில் ஏழாவது அடியிலேயே வேகத்தை அடக்கிக்கொண்டால் எட்டாவதில் கை அறுபடாது.

சொல்லிக்கொடுக்கும் வரிசை

நான் 9–16இலிருந்துதான் ஆரம்பிப்பேன். இசை இல்லாமல், அடவு இல்லாமல், வெறும் நடை. வெளிவட்டத்தார் நால்வர் மணிக்கட்டிலும் ஆரஞ்சு ரிப்பன். நிலையம் பெயர் சொல்லி நடக்கட்டும். அது உடம்பில் ஏறியதும் 17–24ஐச் சேர்த்து 16 பாராக நடக்கவிடுங்கள். அந்தத் தொடுப்புதான் முக்கியம், தனித்தனியாகப் பழகினால் ஒட்டாது. முதல் எட்டும் கடைசி எட்டும் எந்தக் குழுவுக்கும் பத்து நிமிட வேலை. பிறகு அடவோடு, கடைசியில் இசையோடு. புதியவர்கள் இருந்தால் அவர்களை முதல் சுற்றில் மூன்றாம் ஜோடியாக நிறுத்துங்கள். முதல் ஜோடியாக ஆடும் முறை வருவதற்குள் எல்லாவற்றையும் அருகிலிருந்து பார்த்திருப்பார்கள்.

இசையைப் பற்றி ஒன்று. சப்வே 1935 வரை கேபிளில் ஓடியது. நீராவி எந்திரம் இழுக்க, கேபிள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் பிடியை இறுக்கினால் வண்டி நகரும், தளர்த்தினால் நிற்கும். இசையையும் அப்படி நினைத்துக்கொள்ளச் சொல்வேன். தவறிவிட்டால் நின்று விவாதிக்காதீர்கள். அடுத்த எட்டு பாரின் தொடக்கத்துக்குக் காத்திருந்து மறுபடி பிடித்துக்கொள்ளுங்கள்.

சுற்றுகள் நகரும் விதம்

முதல் ஜோடி ஒரு சுற்று முடித்து இரண்டாம் இடத்தில் இருக்கும். அங்கிருந்தே இன்னொரு சுற்று ஆட வேண்டும். இந்தத் தடவை மூன்றாம் ஜோடி ஏறி மேல்கரையாகும், நான்காம் ஜோடி கீழ்க்கரை. மேலே இருக்கும் இரண்டாம் ஜோடிக்கு ஓய்வு. சுற்று முடிந்ததும் முதல் ஜோடி வரிசைக்கு வெளியே அடியிடத்துக்குப் போக, நான்காம் ஜோடி ஓர் இடம் ஏறும். அதே கணத்தில் தலையில் புதிதாக நிற்பவர்கள் தொடங்கிவிடுவார்கள். ஒரு ஜோடிக்கு இரண்டு சுற்று வீதம் எட்டுச் சுற்று.

தொடங்கும் முன் இசைக்குழு ஒரு கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வாசிக்கும். அதற்கு ஆண் வரிசை தலைவணங்கும், பெண் வரிசை முழங்கால் மடக்கி வணங்கும். எட்டாவது சுற்றின் வட்டம் நிற்கும்போது கடைசி கார்டு வரும். கையை விடுவித்து அவரவர் வரிசைக்குப் போய், மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை, எதிரே நிற்பவர் கண்ணைப் பார்த்து அதே வணக்கத்தைச் செய்யுங்கள்.